மழை பெய்தால் ஆளுநர்

எட்வின் ஜெலினெக் இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் ஹார்க்கர் மாவட்டத்தின் ரிபப்ளிகன் கட்சித் தலைவராக இருந்தார். விதைச்சோளம் விற்பவர். சொந்தமாகவும் குத்தகையாகவும் நிறைய நிலம் பயிர் செய்பவர். யார் வீட்டுத் தானியக் கொட்டில் தீப்பிடித்தாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். டெமாக்ரட் கட்சிக்குத் தலைவி லவோன் ஷ்ரேடர். எங்கள் ஊரான கோலினில் உயர்நிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கணவர் காலமான பிறகு டீச்சருடைய நிலத்தை எட்வின்தான் வாரத்துக்கு எடுத்து உழுதார். விளைச்சலில் பாதி டீச்சருக்கு. "அரசியல்ல எதிரி, சோளத்துல பங்காளி" என்பார் எட்வின். பங்காளி என்றாலே பாதி எதிரிதானே என்று டீச்சர் பதில் சொல்வார்.

நான் அந்த ஊரில் 'கூரியர்' என்ற வாரப்பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். ஒமாஹாவில் பிறந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். பிரைமரி வரும் வருடங்களில், அதாவது அதிபர் பதவிக்குத் தங்கள் கட்சியிலிருந்து யார் நிற்பது என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் வருடங்களில், இரண்டு தலைவர்களிடமும் ஆளுக்கொரு கணிப்பு வாங்கி வெளியிடுவேன். ஆரம்பத்தில் அவரவர் கட்சியைப் பற்றி அவரவர் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் இருவருமே மண்ணைக் கவ்வினார்கள். கடைசியில் ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைக் கரண்டியில் அள்ளிக்கொண்டே டீச்சர் ஒரு யோசனை சொன்னார்.

"என் கட்சிக்காரங்க என்கிட்ட பொய் சொல்றாங்க, எட்வின் கட்சிக்காரங்க அவன்கிட்ட பொய் சொல்றாங்க. மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

மாற்றிப் போட்டேன். டீச்சர் ரிபப்ளிகன்காரர்களைப் பற்றிச் சொன்னார். எட்வின் டெமாக்ரட்டுகளைப் பற்றிச் சொன்னார். இரண்டுமே கிட்டத்தட்ட அச்சு மாதிரி பலித்தன. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரில் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். எட்வினும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார், அந்த வருடம் வரை.

அந்த வருடம் ரிபப்ளிகன் கட்சியில் போட்டி ஒரு செனட்டருக்கும் ஒரு முன்னாள் ஆளுநருக்கும். செனட்டர் அடக்கமான மனிதர். பிப்ரவரியில் பனியோடு பனியாக எட்வின் பண்ணைக்கே வந்தார். எட்வினின் மனைவி அல்பினா சுட்ட பிளம் கொலாச்சி ரொட்டியை மூன்று தின்றார். கொட்டகைக்குள் போய் விதைப்பு இயந்திரத்தின் அடியில் குனிந்து பார்த்து நல்ல கேள்விகளாகக் கேட்டார். அதோடு எட்வின் அவருடைய ஆளாகிவிட்டார். ஆளுநரோ தூரத்து மாநிலத்துக்காரர், மேடையில் கத்துகிறவர். அவரைத் தொலைக்காட்சியில் கண்டால் எட்வின் எழுந்துபோய் ஒலியைக் குறைத்துவிடுவார்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. நஷ்டத்தில் ஓடும் கிளை ரயில்பாதைகளைக் கம்பெனிகள் கைவிடலாம் என்று ஒரு சட்டம் வந்தபோது செனட்டர் அதை ஆதரித்து வாக்களித்திருந்தார். கோலினுக்கு வரும் பாதையும் அப்படி ஒரு கிளைப்பாதைதான். அது போனால் அறுவடைச் சோளத்தை லாரியில் ஏற்றி அடுத்த மாவட்டம் வரை கொண்டுபோக வேண்டும். வாடகையிலேயே பாதி லாபம் போய்விடும். எட்வின் இதைப் பற்றிச் செனட்டரிடம் நேரிலேயே கேட்டார். அவர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். எட்வினுக்குத் திருப்தி. தனக்குப் புரிந்தது ஊருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் விதை மூட்டை கொடுக்கப் போகும்போதே பண்ணை பண்ணையாக ஓட்டும் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். லிங்கன் நகரில் செனட்டரின் மாநில அலுவலகத்தில் எண்ணிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பவுலா ரென்விக் என்ற பெண்மணியிடம், மூன்றில் இரண்டு பங்கு நமக்குத்தான் என்று சொன்னார். மற்ற மாவட்டத் தலைவர்கள் சொல்வதில் பத்துக்கு மூன்று கழித்துக்கொள்வதாகவும், எட்வின் சொன்னால் மட்டும் அப்படியே எழுதிக்கொள்வதாகவும் அந்தப் பெண்மணி சொன்னாராம். எட்வின் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஹார்க்கர் மாவட்டம் கையில் இருக்கிறது என்று நம்பி அதன்பிறகு அவர்கள் இந்தப் பக்கம் யாரையும் அனுப்பவில்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதிக்கோங்க. மழை பெய்தால் ஆளுநர். காய்ஞ்சா செனட்டர்."

இது என்ன கணிப்பு, பஞ்சாங்கம் மாதிரி இருக்கிறதே என்றேன். டீச்சர் நிதானமாக உட்கார்ந்து சொன்னார். தேர்தல் மே மாத நடுவில், விதைப்பு உச்சத்தில் வருகிறது. வானம் காய்ந்திருந்தால் விவசாயி விடிந்ததிலிருந்து இருட்டும்வரை டிராக்டரை விட்டு இறங்க மாட்டான். ஓட்டுப் போடுவது டவுனில் இருக்கும் கடைக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் வங்கிக்காரர்களும்தான். அவர்கள் செனட்டர் பக்கம். மழை பெய்து நிலம் சேறானால் விவசாயிக்கு வேலை இல்லை. முதலில் முடி வெட்டிக்கொள்ளப் போவான், அப்புறம் ஓட்டுச்சாவடிக்குப் போவான். அப்போது ஆளுநர் நூற்றுக்குப் பத்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பார்.

விவசாயிகள் எல்லோரும் செனட்டருக்குத்தான் என்று எட்வின் சொல்கிறாரே என்று கேட்டேன்.

"அவன்கிட்ட என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா? 'செனட்டர் நல்ல மனுஷன்தான்'னு சொல்லியிருப்பாங்க. இந்த ஊர்ல யாரையாவது நல்ல மனுஷன்தான்னு சொன்னா, அவருக்கு ஓட்டு இல்லைன்னு அர்த்தம். ஓட்டுப் போடப்போற ஆளைப் பத்தி யாரும் அப்படிச் சொல்றதில்ல. திட்டுவாங்க. 'அந்தக் கத்துற பய இந்தத் தடவையாவது ஏதாவது செய்யறானா பார்ப்போம்'னு ஆளுநரைத் திட்டறதை நான் மளிகைக் கடையில, மாதா கோயில் வாசல்ல, எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன். ரயில் விஷயத்தை ஒருத்தரும் மறக்கல."

வியாழக்கிழமை பத்திரிகையில் அப்படியே தலைப்புப் போட்டேன். டெமாக்ரட் பக்கம் எட்வினுடைய கணிப்பையும் அதற்குக் கீழே போட்டேன். டீச்சர் ஆதரித்த வேட்பாளர் மூன்றாவது இடம்தான் வருவார் என்று அவர் சொல்லியிருந்தார். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

அன்று பிற்பகலே எட்வின், நிலத்து வேலையை நிறுத்திவிட்டு, டீச்சர் வீட்டு வாசலுக்குப் போனார். உண்மையில் அவர் அப்போது டீச்சர் நிலத்தில்தான் விதைத்துக்கொண்டிருந்தார். நானும் வேறு வேலையாக அங்கே இருந்தேன். அவர் கையில் பத்திரிகை இல்லை, தலைப்பு மனப்பாடமாகியிருந்தது.

"டீச்சர், இது கணிப்பு இல்ல, கலகம். உன் கட்சிக்கு ஆளுநர் எதிர்ல நின்னா சுலபம்னு கிளப்பி விட்டிருக்க."

"ஆளுநர் நின்னா நாங்க தோத்துருவோம் எட்வின். உன் செனட்டர்தான் எங்களுக்குச் சுலபம்."

எட்வின் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, தன்னிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறு விதமாக நினைப்பது யார் யார், பேரைச் சொல் என்றார். பேர் சொல்ல மாட்டேன் என்று டீச்சர் மறுத்துவிட்டார். தெரிந்தால் அடுத்த வருடம் நீ விதை கொடுக்கப் போகும்போது இரண்டு பேருக்கும் சங்கடம் என்றார். எட்வின் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, போய் டிராக்டரில் ஏறிக்கொண்டார். மீதி நிலத்தை விதைத்து முடித்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த இரண்டு நாள் அவர் சொந்த வேலையை விட்டுவிட்டுப் பண்ணை பண்ணையாக மறுபடி போனார். க்ளியர் க்ரீக் பக்கம் ஃப்ரிட்ஸ் ஜாப்கா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்து, கண்டிப்பாகச் செனட்டருக்குத்தான் என்றார். அல்பினாவின் தம்பி ஸ்டான்லி, இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று கோபித்துக்கொண்டார். போன தடவை தலையை மட்டும் ஆட்டியவர்கள் இந்தத் தடவை கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சனிக்கிழமை மாலை எட்வின் என் அலுவலகத்தில் வந்து நின்றபோது முகத்தில் வெயில் காய்ந்து, சந்தோஷமாக இருந்தார். டீச்சருக்கு வயசாகிவிட்டது என்றார். நான் இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது தடவை கேட்டா ரெண்டாவது தடவையும் மரியாதைதான் கிடைக்கும். பாவம்" என்றார்.

இதற்கிடையில் மழை இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. டிராக்டர் போகும் இடமெல்லாம் புழுதி மேகம் கூடவே போனது. எல்லோரும் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் மழை பெய்யாவிட்டால் விதை உள்ளேயே கிடந்து வீணாகும். மறுவிதைப்பு என்றால் டீசலும் விதையும் நாளும் இரட்டிப்பு. எட்வினுடைய நிலம், டீச்சருடைய நிலம், அவர் விதை விற்ற அத்தனை பேருடைய நிலம், எல்லாம் அதே கதிதான்.

ஞாயிற்றுக்கிழமை புனித வென்செஸ்லாஸ் கோயிலில் பாதிரியார் மழைக்காகச் செபம் வைத்தார். எல்லோரும் மண்டியிட்டார்கள். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே அல்பினா கணவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஆமென் சொன்னீங்களா, இல்ல வாயை மட்டும் அசைச்சீங்களா?"

"சொன்னேன். புதன்கிழமைக்குன்னு சேர்த்துச் சொன்னேன்."

தேர்தல் செவ்வாய்க்கிழமை. இந்தப் பதில் மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது மேற்கே இடி கேட்டது. காபி வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் தூறல் ஒன்றும் இல்லை, நேராக ஊற்றியது. அல்பினா பிறகு என்னிடம் சொன்னார்: எட்வின் கொட்டகை வாசலில் போய் நின்று, கூரையிலிருந்து விழும் தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். முகத்தைப் பார்த்தால் சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்ததாம். கடைசியில் உள்ளே வந்து, "விதை பிழைச்சுது" என்று மட்டும் சொன்னாராம்.

முற்பகலில் டவுனில் முடிதிருத்தும் கடை நிறைந்துவிட்டது. சேற்றுக் காலணியோடு ஆட்கள் ஓட்டுச்சாவடிக்கு வரத் தொடங்கினார்கள். மழை விட்டபாடில்லை. பத்து மணி வாக்கில் ஸ்டான்லி தன் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். க்ளியர் க்ரீக் பக்கம் சாலை முழுவதும் களிமண் சேறு. இரண்டு கார் ஏற்கனவே சிக்கிக் கிடக்கிறது. ஓட்டுச்சாவடியான பழைய பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப்பக்கம். அதைத் தாண்ட வழியில்லை. "பரவாயில்ல, விட்டுரு எட்வின், ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டுல என்ன ஆகப்போகுது" என்று அவர் சொன்னார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை எட்வின் கவனித்திருக்கிறார்.

அந்தப் பேச்சு முடிந்த கையோடு லிங்கனிலிருந்து பவுலா ரென்விக் கூப்பிட்டார். மாநிலம் முழுக்க இழுபறி, ஒவ்வொரு ஓட்டும் வேண்டும் என்றார். க்ளியர் க்ரீக் ஆட்கள் சேற்றில் மாட்டியிருக்கிறார்கள் என்று எட்வின் சொன்னதும் அந்தப் பெண்மணி பதறிவிட்டார்.

"அவங்க நம்ம ஓட்டு இல்லையா? நீங்கதானே சொன்னீங்க? எப்படியாவது கூட்டிட்டு வாங்க, மிஸ்டர் ஜெலினெக்."

எட்வின் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையருகே உட்கார்ந்தார். அப்போது நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மழைப் படம் எடுக்க வேண்டும், க்ளியர் க்ரீக் ஓடை பொங்கியிருக்கிறதாமே என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. அந்தப் பக்கத்து விவசாயிகள் ரயில்பாதையை நம்பி இருப்பவர்கள். டீச்சர் மழையோடு சேர்த்துக் கணக்குப் போட்டது முக்கியமாக அவர்களைத்தான். போய்க் கூட்டிவந்தால் தன் ஆள் தோற்கத் தானே வண்டி ஓட்டியதாக இருக்கலாம். போகாமல் இருந்தால், இருபது வருடமாகத் தன்னிடம் அவர்கள் சொன்னது பொய் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

அல்பினா அடுப்பருகிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "ஸ்டான்லியோட ஓட்டுக்கு நீங்க பொறுப்பில்ல. ஆனா அவன் ஓட்டுப் போட முடியாம போனா, அதுக்குக் கட்சித் தலைவர் பொறுப்பு."

எட்வின் எழுந்து மழைக்கோட்டை எடுத்தார்.

பெரிய டிராக்டரின் பின்னால் வைக்கோல் ஏற்றும் தட்டு வண்டியைப் பூட்டினோம். தார்பாயைக் கம்பில் கட்டிக் கூரை மாதிரி செய்தோம். நான் கேமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். சாலை என்று ஒன்று இருந்த இடத்தில் சாக்லெட் நிறத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எட்வின் வண்டியை மெதுவாக, ஒரே வேகத்தில், எங்கேயும் நிற்காமல் ஓட்டினார். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஹாரன் அடித்தார். ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் ரப்பர் காலணியுமாக ஓடிவந்து ஏறினார்கள். ஃப்ரிட்ஸ் ஜாப்காவும் அவர் மனைவி டோரிஸும் ஏறினார்கள். ஸ்டான்லி எங்களைக் கண்டதும் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் வந்து, வண்டியின் கடைக்கோடியில் உட்கார்ந்தார்.

டிராக்டர் சத்தத்தில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் பேசுவது கேட்காது. தார்பாய்க்குள் பேச்சு தானாகவே ரயிலுக்கு வந்தது. சோளம் ஏற்ற லாரிக்காரன் என்ன வாடகை கேட்கிறான், ரயில்பாதை எடுத்தால் சோளம் வாங்கிச் சேர்க்கும் களஞ்சியக்காரன் கடையை மூடிவிடுவானாமே, ஆளுநரும் இதற்கு ஒன்றும் கிழிக்கப்போவதில்லை, ஆனாலும் ஒரு அடி கொடுத்தால்தான் வாஷிங்டனுக்குப் புரியும் என்று பேசிக்கொண்டார்கள். நான் பத்திரிகைக்காரன் என்பதைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. ஓடைக்கருகில் எட்வின் வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பியபோது பேச்சு அப்படியே நின்றது. ஃப்ரிட்ஸ் சத்தமாக, "செனட்டர் நல்ல மனுஷன்தான், எட்" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எட்வின் ஃப்ரிட்ஸைப் பார்த்தார். டீச்சர் சொன்ன அர்த்தத்தைப் பத்திரிகையில் நான் போடவில்லை, ஆனால் அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். முன்னால் திரும்பி, ஓடையில் டிராக்டரை இறக்கினார். தண்ணீர் வண்டித் தட்டுக்கு ஒரு சாண் கீழே வரை வந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அக்கரை ஏறியதும்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். டோரிஸ் ஜாப்கா மட்டும் ஓடவில்லை. மழையில் நின்றபடி, டிராக்டரில் இருந்த எட்வினை அண்ணாந்து பார்த்தார்.

"எட், எங்களை ஏத்தறதுக்கு முன்னாடி நீ கேட்டிருக்கணும்."

"கேட்டேனே டோரிஸ். ரெண்டு தடவை கேட்டேன்."

"நீ கேட்டா நாங்க என்ன சொல்றது? எங்க கொட்டில் எரிஞ்சப்ப தண்ணி வண்டியோட முதல்ல வந்தவன் நீ. உன் மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

எட்வின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வாசலைக் காட்டினார்.

"உள்ள போ டோரிஸ். நனையுது" என்றார்.

அவர்கள் ஓட்டுப் போட்டு முடித்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட்டார். அதோடு போதும் என்று நான் நினைத்தேன். ஆனால் ஓடைக்கு வடக்கே இன்னும் சில பண்ணைகள் இருந்தன. எட்வின் டீசல் அளவைப் பார்த்துவிட்டு, வடக்கே திருப்பினார். இரண்டாவது நடைக்கும் போனோம். யாருக்கு ஓட்டு என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை.

மாலையில் மாவட்ட நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் எண்ணினார்கள். ஆளுநர் நூற்றுக்குப் பதினொன்று வித்தியாசத்தில் ஜெயித்தார். க்ளியர் க்ரீக் சாவடியில் செனட்டருக்கு விழுந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவை யார் யாருடையவை என்று ஊரில் நாள்கணக்கில் பேசினார்கள். அதில் ஒன்று தன்னுடையதுதான் என்று எல்லோரும் எட்வினிடம் சொன்னார்கள். மாநிலத்திலும் செனட்டர் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். அவரைத் தோற்கடித்தது எங்கள் மாவட்டம் மட்டும் இல்லை. மே மாத மழை அன்று பல மாவட்டங்களில் பெய்திருந்தது. டெமாக்ரட் பக்கம் டீச்சருடைய ஆள் மூன்றாவதாக வந்தார். டீச்சர் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

மறுநாள் பவுலா ரென்விக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். கோபமாக இல்லை, களைத்துப்போன குரலாக இருந்தது என்று எட்வின் சொன்னார். சேற்றில் மாட்டியவர்களைத் தானே கூட்டிவந்ததையும் அவர்கள் எதிராகப் போட்டதையும் அவர் மறைக்கவில்லை. தெரிந்துமா கூட்டிவந்தீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டாராம்.

"பாதி தெரியும். நீங்களும் கூட்டிட்டு வரச் சொன்னீங்களே" என்றாராம் எட்வின். இனிமேல் என் எண்ணிலும் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம்.

அதன்பிறகு சில வாரம் எட்வின் டவுனுக்கு அதிகம் வரவில்லை. வந்தாலும் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். மழையில் சோளம் சீராக முளைத்து, வரிசை தெரியும்படி வந்துவிட்டது. முளைப்பு எப்படி என்று பார்க்க எட்வின் ஒருநாள் டீச்சர் நிலத்துக்கு வந்தார். டீச்சர் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அங்கே நடந்த பேச்சை டீச்சர்தான் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் வழக்கமான கிண்டல் குரலில் சொல்லவில்லை.

இருவரும் கொஞ்சதூரம் வரிசைக்கு ஒருவராக நடந்தார்களாம். எட்வின் குனிந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. பத்திரிகையில பெரிய எழுத்துல வந்துச்சு."

"ஊருக்குச் சொன்ன. எனக்குத் தனியா சொல்லல."

 சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய், அவர்கள்மேல் கோபப்பட்டிருப்பாய் என்றாராம் டீச்சர்.

"கோவம் இப்பவும் இருக்கு, டீச்சர். அவங்க மேல இல்ல. எனக்கு ஜனங்களைத் தெரியும்னு நினைச்சுட்டேன். எத்தனை வருஷம். போற வீட்டுல எல்லாம் காபி குடிச்சிட்டு, என்கிட்ட சொன்னது பூரா உண்மைன்னு நினைச்சு வந்திருக்கேன்."

"உண்மைதான் எட்வின். உன்னைப் பிடிக்கும்னு சொன்னாங்க. அதை நீ செனட்டருக்குன்னு எடுத்துக்கிட்ட."

எட்வின் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாராம். ஆனால் போகும்போது, அந்த மூலையில் மட்டும் முளைப்பு குறைவு, மறுவிதைப்புத் தேவையில்லை என்று நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த வருடம் டீச்சர் பங்குக்கு நல்ல விளைச்சல் வந்தது.

ரயில்பாதையை எப்படியும் எடுத்துவிட்டார்கள். ஆளுநர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. க்ளியர் க்ரீக்காரர்கள் லாரிக்கு வாடகை கொடுத்தார்கள். களஞ்சியம் மூடப்படவில்லை, சிறுத்துப்போனது. 'பார்த்தீங்களா' என்று எட்வின் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. கட்சித் தலைவர் பதவியை விட்டுவிடப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. அவர் விடவில்லை. அவரைத் தவிர வேறு யாரும் அதை ஏற்க முன்வரவும் இல்லை.

அடுத்த பிரைமரி வந்தபோதும் வழக்கம்போல விதை மூட்டையோடு பண்ணை பண்ணையாகப் போனார். ஆனால் ஓட்டைப் பற்றிக் கேட்கும் முறையை மாற்றிவிட்டார். ஃப்ரிட்ஸ் ஜாப்காவிடம் போய், ஸ்டான்லி என்ன நினைக்கிறார் என்று கேட்டார். ஸ்டான்லியிடம் போய் ஃப்ரிட்ஸ் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். இருவரும் ஆளுக்கு அரை மணி நேரம் விடாமல் பேசினார்கள். அந்த முறை அவர் லிங்கனுக்குச் சொன்ன கணக்கு இரண்டு புள்ளிதான் தவறியது. அங்கே அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த ஆட்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்களாம்.

"எங்க ஊர்ல தன்னைப் பத்திக் கேட்டா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. அடுத்த வீட்டுக்காரனைப் பத்திக் கேட்டா, உட்கார வெச்சு கேக் வெட்டிக் குடுத்துட்டுப் பேசுவாங்க" என்று எட்வின் சொன்னதாகக் கேள்வி.

இனி அவரவர் கட்சிக்கு அவரவரே கணிப்புச் சொல்லலாம், மாற்றிப் போட வேண்டியதில்லை என்று நான் டீச்சரிடம் சொல்லப் போனேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எட்வினுடைய புது வழி என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப என்னைப் பத்தி யார்கிட்ட கேட்டிருக்கான்?"

நான் எழுந்து தொப்பியைத் தேடினேன்.